பொறுக்கச் சொன்னவர்

'பொறுங்க' என்று சொல்லித்தான் அவர் வியாபாரம் செய்தார்.

கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்தில் அவருடைய கம்ப்யூட்டர் கடை இருந்தது. உள்ளே போய் ஏதாவது ஒரு சாமானைக் கேட்டால், முதலில் அது எதற்கு என்று கேட்பார். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப வேண்டாங்க. பொறுங்க. ரெண்டு மாசம் போகட்டும், இதே வெலைக்கு இதவிட நல்லவரா வருவாரு" என்பார். நல்லவர் என்று அவர் சொன்னது ஹார்டு டிஸ்க்கையோ மானிட்டரையோதான்.

பக்கத்து டீக்கடைக்காரருக்கு இது பொறுக்காது. கிளாஸைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், "ஏனுங்க, நீங்க விக்கறக்குக் கடை வெச்சிருக்கீங்களா, தொரத்தறக்கு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்.

"தொரத்தலீங்க. திரும்பி வருவாங்க."

"வரும்போது கடை இருக்கோணுமுல்லங்க?"

அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பார். அவருக்கு முப்பது வயது இருக்கும். பெயரை எழுதப்போவதில்லை. இதைப் படித்துவிட்டு அவரைத் தெரிந்தவர்கள் யாராவது அவரை ஒரு மாதிரி பார்த்தால் அந்தப் பாவமும் என் கணக்கில்தான் சேரும்.

அவர் வால்பாறைக்காரர். தேயிலை பறிக்கத் தெற்கிலிருந்து மலையேறிய குடும்பம். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கோயமுத்தூருக்கு வந்து எங்கள் பேச்சைக் கவனமாகக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் கற்றுக்கொண்டவர்கள் எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்வார்கள் அல்லவா, அப்படி 'ங்க'வை எங்களைவிட அதிகமாகப் போடுவார். மனிதர்களுக்குத் தரும் மரியாதையைச் சாமான்களுக்கும் தருவார். "கார்டு சூடாயிட்டாருங்க." "மவுஸ் இன்னிக்குக் கொஞ்சம் சண்டித்தனம் பண்றாருங்க."

ஒருநாள் ஒரு மில் முதலாளி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "தகரத்துக்கு என்னங்க இத்தனை மரியாதை?"

"உங்கூர்ல கன்னுக்குட்டியவே 'வாங்க, போங்க'ங்கறீங்க. நான் கார்டுக்குச் சொல்லக்கூடாதுங்களா?"

மலையிலிருந்து வந்தவர் என்பதால் சமவெளியின் வெயில் அவருக்கு ஆகாது. கழுத்தெல்லாம் வேர்த்து வழியும். ஆனால் கடையில் இருந்த ஒரே மேசை மின்விசிறியை, மூடி திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரின் பக்கம்தான் திருப்பி வைத்திருப்பார். "நமக்கு வேர்த்தா தொடச்சுக்கலாங்க. இவருக்கு வேர்த்தா போச்சுங்க" என்பார். எந்தப் பாகத்தையும் கையில் எடுப்பதற்கு முன் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டை ஒருமுறை தொடுவார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடுமாம். நம்மையும் தொடச் சொல்வார். கோயில் படியைத் தொட்டுவிட்டு உள்ளே போகிற மாதிரி நாங்கள் எல்லோரும் தொட்டோம்.

நான் அப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திர வரைபடம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவிநாசிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ஐம்பதை நெருங்கும் வயது. மகளின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். மகள் வேறு ஊர்க் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் என்னிடம் மிஞ்சியது. அதில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. அதைப் பற்றி வெளியே யாரிடமும் பேசமாட்டேன். பேராசிரியர், தலை நரைத்தவர், மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு கீபோர்டில் கார் ஓட்டுகிறார் என்றால் மாணவர்கள் என்ன சொல்வார்கள்?

என் மனைவி சொன்னாள். "ஏனுங்க, பொடுசுக வெளையாடறத நீங்க வெளையாடறீங்க. சரி. உடம்பையும் சேத்து வளைக்கறீங்களே, நாற்காலி சாஞ்சுறப் போகுது."

என் கம்ப்யூட்டரில் அந்தக் கார் தத்தித் தத்திப் போகும். சாலை கட்டம் கட்டமாகத் தெரியும். வளைவு வந்தது கண்ணில் படுவதற்குள் கார் பள்ளத்தில் கிடக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் கடையில் அதே விளையாட்டைப் பார்த்தேன். அவருடைய கம்ப்யூட்டரில் அப்போது புதிதாக வந்திருந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. காரின் கண்ணாடியில் துளிகள் வழிந்தன. ஈரச் சாலையில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு நீண்டு தெரிந்தது. நான் நின்றபடியே வெகுநேரம் பார்த்தேன்.

"இது எனக்கு வேணுமுங்க" என்றேன்.

"வேண்டாங்க சார். பொறுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் நான் பொறுத்தேன். போகும்போதெல்லாம் கேட்பேன். இதைவிட வேகமானது தைவானில் தயாராகிறது என்பார். அது வந்ததும், விலை இறங்கட்டும் என்பார். விலை இறங்கினால், "இவரு கெழவனாயிட்டாருங்க, அதான் எறங்கறாரு. அடுத்தவர் வரட்டும்" என்பார். ஒருமுறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர பணம், நான் வாங்கறேன், உங்களுக்கு என்னங்க?" என்றேன்.

"வாங்கிட்டுப் போயிருவீங்க சார். அடுத்த மாசம் நல்லவர் வந்ததும் இங்க வந்து மூஞ்சியத் தொங்கப்போட்டு நிப்பீங்க. அதப் பாக்க எனக்கு முடியாதுங்க."

வாங்காமல் வெளியே வந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி, "காசு வேண்டாங்கற கடைக்காரனை இப்பத்தானுங்க கேள்விப்படறேன்" என்றாள். எனக்கும் அது பெருமையாக இருந்தது. ஒரு மனிதர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று உறுதியாகத் தெரிவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டி, கார் கொஞ்சமாவது சீராக ஓட ஏதேதோ மாற்றி வைப்பார். எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். காபி மட்டும் குடிப்பார். போவதற்கு முன் என்னோடு ஒரு சுற்று ஓட்டுவார். வேண்டுமென்றே தோற்பார் என்று நினைக்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் எங்கள் கல்லூரியில் புது ஆய்வகம் ஒன்று அமைக்க முடிவானது. வரைபலகையில் வரைவதைக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும் என்று பாடத்திட்டம் மாறியிருந்தது. கம்ப்யூட்டர் வாங்கும் குழுவில் நானும் இருந்தேன். குழு என்று பேர்தான். யாரிடம் வாங்குவது என்பதைத் தாளாளர் முன்பே முடிவு செய்துவிட்டார். மெயின் ரோட்டில் பெரிய கடை வைத்திருந்த அவருடைய பங்காளியிடம்தான். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சந்துக் கடையில் அவர் மெதுவாகக் கேட்டார். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் ஒன்று கேட்டது அதுதான்.

"உங்க காலேஜ்ல வரையற லேபுக்கு மெஷின் எடுக்கறாங்களாமே சார். நமக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியுங்களா? இந்தக் கடை வாடகையே ஒவ்வொரு மாசமும் மூச்சு முட்டுதுங்க. இது ஒண்ணு கெடச்சா நின்னுருவேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைக்கு வெளியே போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பாக்கலாமுங்க."

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லமாட்டோம். பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் எழுந்து வருகிறவர்களும், நிலம் விற்க மனமில்லாதவரும், நோம்பித் திருவிழாவுக்கு வர முடியாத ஒறம்பரைச் சொந்தக்காரரும் 'பாக்கலாமுங்க' என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டவுடன் எதிரே இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார். மழை எப்படி, தேங்காய் என்ன விலை என்று போய்விடும். யாருக்கும் மனம் நோகாது. ஆனால் முடியாது என்றால் முடியாதுதான்.

அவர் பேச்சை மாற்றவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோசங்க சார்" என்றார். "வரையறதுக்கும் உங்க காருக்கும் ஒரே கார்டுதாங்க. லேபுக்கு நல்லவரா எடுத்துப் போட்டறலாம். எப்பங்க சார் தெரியும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றுவரை சுமக்கிறேன். சொல்லாததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரமாட்டாரோ என்று நினைத்தேன். சவுண்டு கார்டு வேறு அந்த வாரம் கரகரத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கேங்களா சார்?"

சில நாட்கள் கழித்து அவர் கல்லூரிக்கு வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த முழுக்கைச் சட்டை. மடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு அலுவலக வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆசிரியர் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு நான் பின்பக்க வாசல் வழியாக வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

அடுத்த மாதம் பெரிய கடையின் வேனில் ஆய்வகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவர் இதைக் கேள்விப்பட்டிருப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, வழக்கம்போலத் தூசி தட்டிவிட்டுப் போனார். புரிந்துகொண்டார், வருத்தமில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வழக்கம்போலக் கேட்டேன். "என்னங்க, கார்டு இப்ப வாங்கலாமா, இன்னும் பொறுக்கறதா?"

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இனிப் பொறுக்க வேண்டாங்க சார். வாங்கிருங்க."

எனக்கு நம்ப முடியவில்லை. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி ஆகிவிட்டேன். "நெசமாலுமா?" என்றேன்.

"நெசந்தாங்க. இதுக்கு மேல பொறுத்தா நல்லா இருக்காதுங்க."

பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து பொருத்தினார். இரும்புக் கூட்டைத் தொட்டார். நானும் தொட்டேன். கார்டு ஓசையில்லாமல் உள்ளே போய் அமர்ந்தது. மனைவி காபி கொண்டுவந்தபோது, "வேண்டாங்க அக்கா, கடைய ஆளில்லாம உட்டுட்டு வந்தேன்" என்று கிளம்பினார்.

"ஒரு சுத்து ஓட்டிட்டுப் போங்க" என்றேன்.

"நீங்க ஓட்டுங்க சார்."

என் வீட்டிலும் மழை பெய்தது. கண்ணாடியில் துளி வழிந்தது. திங்கட்கிழமை கல்லூரியில் ஆசிரியர் அறையில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த மூன்று பேரிடம், "அந்த மனுசனே வாங்கச் சொல்லிட்டாருங்க. இனி யோசிக்காதீங்க" என்று சொன்னேன். மூவரும் போய் வாங்கினார்கள். என் சொல்லை நம்பி வாங்கினார்கள்.

மூன்று வாரம்கூட இருக்காது. அடுத்த தலைமுறைக் கார்டு சந்தைக்கு வந்துவிட்டது. நாங்கள் கொடுத்த விலையேதான், வேகம் இரண்டு பங்கு. நாங்கள் வாங்கியது பாதி விலைக்கும் கேட்பாரற்றுக் கிடந்தது. நான் காத்திருந்த புது கார் விளையாட்டு அந்தப் பழைய கார்டில் திறக்கவே மறுத்தது. இயற்பியல் துறை இளைஞர் ஒருவர், என்னால் வாங்கிய மூவரில் ஒருவர், எல்லோர் முன்பும் சொன்னார். "உங்க பொறுமைசாலி நம்மள நல்லா ஏத்தி உட்டாருங்க சார். ரெண்டு வருசமா உங்களைத்தான் வெட்டறதுக்குக் கெடா மாதிரி கொழுக்க வெச்சிருக்காரு."

அந்தச் சொல் எனக்குள் எரிந்தது. வேண்டாம், பொறுங்க என்று இரண்டு வருஷமாக அவர் சொன்னதெல்லாம் இந்த ஒரு 'வாங்கிருங்க'வுக்காகச் சேர்த்து வைத்த முதலா? ஞாயிற்றுக்கிழமைத் தூசி தட்டல், வேண்டுமென்றே தோற்றது, எல்லாம்?

அன்று மாலை கடைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். மின்விசிறி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தது.

"புதுக் கார்டு வந்துருச்சாமே" என்றேன்.

"வந்துருச்சுங்க சார்."

"வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"தெரிஞ்சேதான் வாங்கச் சொன்னீங்களா?"

"ஆமாங்க சார்."

"ஏனுங்க?"

அவர் எழுந்து பின்பக்கத் திரையை ஒதுக்கினார். அலமாரியில் என் வீட்டுக்கு வந்த பெட்டியைப் போலவே பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இவங்கெல்லாம் உங்க லேபுக்கு வாங்கினவங்க சார். மெட்ராசுல சரக்கு கம்மி, உட்டா கெடைக்காதுன்னாங்க. போயி எடுத்துட்டு வந்துட்டேன். திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

"நான் எப்பங்க வாங்கச் சொன்னேன்?"

"பாக்கலாம்னு சொன்னீங்க சார்."

"பாக்கலாம்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் காத்திருந்தார். "பாக்கலாம்னா என்னங்க சார்?" உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் பேச்சை எழுத்து எழுத்தாகக் கற்றுக்கொண்ட மனிதர். எங்கள் 'ங்க' எல்லாவற்றையும் கற்றவருக்கு எங்கள் 'முடியாது' மட்டும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு அர்த்தம் 'முடியாது' என்று அந்த அலமாரிக்கு எதிரே நின்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோபம்தான் வந்தது. "அதுக்காக எல்லார் தலையிலயும் கட்டுவீங்களா?"

"எல்லாருக்கும் இல்லீங்க. நேத்து ஒருத்தர் இதையே கேட்டாரு, வேண்டாம், பொறுங்கன்னு அனுப்பிட்டேன். உங்க காலேஜ் சாருங்க மூணு பேரும் வந்தப்பக்கூடப் பொறுங்கன்னுதாங்க சொன்னேன். நீங்க சொல்லிட்டீங்கன்னு பிடிவாதமா வாங்கிட்டுப் போனாங்க. உங்க ஒருத்தருகிட்டத்தான் வாங்கச் சொன்னேன்." திரையை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார். "உங்களுக்குன்னு வாங்கினவரு. உங்ககிட்டயே இருக்கட்டும்னு நெனச்சேங்க."

ஊரில் எல்லோரிடமும் நேர்மையாக இருந்துவிட்டு, ஏமாற்றுவதற்கு என்று அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். இத்தனை வயதிலும் நினைத்தால் வலிக்கிறது. நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும்; தெரிந்திருந்தும் வலிக்கிறது. இனிப் பொறுக்க வேண்டாம் என்று சொன்னபோது அந்த முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க அவருகிட்ட என்னன்னுங்க சொன்னீங்க?" என்றாள்.

"பாக்கலாமுங்கன்னேன்."

"அப்பறம் என்ன? இல்லைன்னுதான சொல்லியிருக்கீங்க. அந்தப் பையன் எதுக்கு வாங்கினான்?"

எங்கள் பக்கத்துக் கோபியில் பிறந்தவள். அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. இந்த ஜில்லாவில் யாரிடம் சொன்னாலும் என்மேல் தவறில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதனால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டு, கல்லூரியில் அந்த 'பாக்கலாமுங்க'வை விட்டுவிட்டேன். மிச்சத்தைச் சொன்னேன். பழைய சரக்கைத் தெரிந்தே தலையில் கட்டினார் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். வகுப்பிலும், கேட்ட மாணவர்களிடம் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாணவர்கள் அந்தச் சந்துக்குப் போவதை நிறுத்தினார்கள். அவருடைய வியாபாரத்தில் பெரும்பகுதி அவர்கள்தான். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது போர்டில் ஜெராக்ஸ் கடை என்று எழுதியிருந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "மலைக்கே போயிட்டாருங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் டீ சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தேன். பேருந்து நிலையத்தில் வால்பாறை பஸ்ஸின் படியருகே அவர் நின்றிருந்தார். தோளில் கனமான பை. எஸ்டேட் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுப்பதாகச் சொன்னார். கொஞ்சம் மெலிந்திருந்தார். காலைக் குளிரில் கழுத்தில் வேர்வை இல்லை. என்னைப் பார்த்ததும் கைகுவித்தார், நலம் கேட்டார். "அக்கா நல்லாருக்காங்களா சார்? கார் ஓட்டறீங்களா?"

"ஓட்டறதில்லைங்க. அந்தக் கார்டைக் கழட்டி வெச்சுட்டேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அவசரமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும். பஸ் படியில் வைத்து எப்படிக் கேட்பது? அவரை ஒருமுறை வீட்டில் உட்கார வைத்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஒரு ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கண்டிப்பா வரோணும்."

அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் முகத்தைப் பார்க்காமல், வெளியே போகும் ஒரு வண்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"பாக்கலாமுங்க சார்."